தொடலாம் என்று சொன்ன நாள்

தொடக்கூடாது என்பதைப் பற்றி நாம் நிறைய எழுதிவிட்டோம். டீக்கடைத் தனி கிளாஸ், மேலேயிருந்து ஊத்தின தண்ணி, தூரத்திலிருந்து போட்ட கூலி. இன்னும் எழுதுவோம், எழுதித் தீருகிற விஷயம் இல்லை. ஆனால் தொடுவதைப் பற்றி நாம் எழுதினது கொஞ்சம்தான். எனக்கும் எழுதணும்னு தோணினதில்லை. 2013-ல் என் மகள் பிறந்து 33 நாள் ஒரு ஆஸ்பத்திரியில் இருந்தோம். அங்கே ஒரு சின்ன சிஸ்டர் என்னைப் பார்த்து, "தொடலாம், வாங்க" என்று சொன்னாங்க. அந்த வார்த்தையை இத்தனை வருஷமாச் சுமந்துகிட்டு இருக்கேன். எழுதிவிடுகிறேன்.

நான் அச்சகத்தில் வேலை பார்க்கிறவன். ஆப்செட் மிஷின் ஓட்டுகிறேன். ஊர் வடமாவட்டத்தில் ஒரு ஏரிக்கரை ஓரம். ஊர் என்று சொன்னால் சரியில்லை, ஊருக்குக் கிழக்கே இருக்கிற சேரி. இப்போ காலனி என்கிறார்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி முதல் பிள்ளை 2010-ல் ஏழாம் மாசத்திலேயே பிறந்தது. ஆம்பளப் பிள்ளை. ஒரு தனியார் நர்சிங் ஹோமில்தான் சேர்த்திருந்தோம். பிறந்ததும் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்கள். கதவைச் சாத்தினார்கள். ரெண்டு நாள் கழித்து வெள்ளைத் துணியில் சுத்திக் கொடுத்தார்கள். உயிரோடு இருந்தப்ப நானும் தொடலை, அவளும் தொடலை. பில்லைக் கட்டிவிட்டு ஆட்டோவில் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். அதுதான் அவனை நான் முதல்முதலாத் தொட்டது. வீட்டுக்குப் போனதும் சனங்கள் என் பெண்சாதியைத்தான் பார்த்தார்கள். "அவ ராசி அப்பிடி" என்று என் சொந்த அத்தையே சொன்னாள். அன்னையிலிருந்து அவள் தெருவில் யார் பிள்ளையையும் வாங்கித் தூக்கமாட்டாள். கொடுத்தாலும், "அடுப்புல வேல இருக்குது" என்று உள்ளே போய்விடுவாள்.

2013 ஆவணி மாசம் மறுபடி அதே மாதிரி. எட்டாம் மாசம் தொடக்கம். கால் ரெண்டும் நீர் கோத்து வீங்கிப்போச்சு. விடிகாலையில் தலைவலி, கண்ணு மங்குது என்றாள். அம்மா வென்னீர் வைக்கப் போனாங்க, திரும்பி வர்றதுக்குள்ள வலிப்பு வந்துடுச்சு. 108 வண்டி வந்து பெரியாஸ்பத்திரிக்கு ஏத்திக்கொண்டு போனது. எந்த ஆஸ்பத்திரி என்று பேர் சொல்லவில்லை. அங்கே எங்களைக் காப்பாத்தினவங்களும் இருந்தாங்க, எங்களை நாயாட்டம் விரட்டினவங்களும் இருந்தாங்க. பேர் சொன்னால் எல்லாருக்கும் ஒரே சாயம் பூசினதாகும்.

ஆபரேஷன் பண்ணி எடுத்தார்கள். பொம்பளப் பிள்ளை. 1,340 கிராம். ஒன்றரைக் கிலோ சக்கரைப் பொட்டலத்தைவிடக் குறைச்சல். பெண்சாதி ஐ.சி.யூ.வில், நினைவில்லை. பிள்ளை இன்னொரு கட்டடத்தில், குழந்தைங்க தீவிர சிகிச்சைப் பிரிவில். நானும் என் அம்மாவும் ரெண்டுக்கும் நடுவில் வேப்பமரத்தடியில் பாயைப் போட்டுக்கொண்டோம்.

மூணு நாள் கண்ணாடி வழியாத்தான் பார்த்தேன். வெப்பம் கொடுக்கிற தட்டின் மேலே ஒரு பிடி சதை. மூக்கில் குழாய், தொப்புளில் குழாய், காலில் சிவப்பு விளக்கு எரிகிற ஒரு பட்டை. வாசலில் இருந்த ஆயாம்மா முதல் நாளே கேட்டாங்க, "எந்தூரு?" சொன்னேன். "ஊரா, காலனியா?" அதையும் சொன்னேன். "அப்பிடி ஓரமா நில்லு" என்றாங்க. பொடி எழுத்தில் 'உள்ளே அனுமதி இல்லை' என்று போர்டு இருந்தது, அதனால் எல்லாருக்கும் இதே சட்டம்தான் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ரெண்டாம் நாள் வெள்ளை வேட்டி கட்டின ஒருத்தர் வந்தார். அவருக்குப் பேரன் உள்ளே. "வாங்க சார்" என்று கதவைத் திறந்துவிட்டாங்க. செருப்பைக்கூட வெளியே விடலை. அப்போதுதான் எனக்குள்ளே எரிய ஆரம்பித்தது. கதவு ஒண்ணுதான். திறக்கிற கை ஆளைப் பார்த்துத் திறக்கிறது.

நாலாம் நாள் மத்தியானம் ஒரு சின்ன சிஸ்டர் வெளியே வந்து என் பிள்ளையின் நம்பரைச் சொல்லிக் கூப்பிட்டாங்க. ஓடினேன். செத்துப்போச்சு என்று சொல்லத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்தேன்.

"நீங்கதான் அப்பாவா? தொடலாம், வாங்க" என்றாங்க.

எனக்குப் புரியலை. "யாரு, நானா?" என்று கேட்டேன்.

"நீங்கதான். அம்மாவுக்கு முடியலல்ல. புள்ள தனியாவே கெடக்குது. அதுக்கும் ஆளு வேணும்."

மோதிரம், வாட்ச், கையில் கட்டியிருந்த கயிறு எல்லாம் கழட்டச் சொன்னாங்க. முழங்கைவரைக்கும் சோப்புப் போடச் சொன்னாங்க. உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, கட்டைவிரல், நகக்கண் என்று வரிசையாச் சொல்லிக்கொடுத்தாங்க. நகக்கண்ணில் அச்சு மை. எத்தனை தேய்த்தாலும் போகலை. தினமும் மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கிற மை அது. பக்கத்தில் நின்ற பெரிய சிஸ்டர் என் கையைப் பார்த்துவிட்டு, "என்னா கை இது, இதோட புள்ளையத் தொடப்போறியா" என்று மூஞ்சைச் சுளித்தாங்க. நான் ஆறு தடவை கழுவினேன். ஆறாவது தடவை கழுவும்போது கண்ணில் தண்ணி வந்துடுச்சு. மையைச் சொன்னாங்களா, என்னையே சொன்னாங்களா என்று இன்னைக்கும் எனக்குத் தெரியாது. நம்ம பொழப்பில் இதுதான் பெரிய கொடுமை. ஒருத்தர் சாதாரணமாச் சொன்ன சொல்லைக்கூட நம்மால் சாதாரணமா எடுத்துக்க முடியறதில்லை. ஒவ்வொண்ணையும் திருப்பித் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்குது.

ஆனால் அடுத்து ஒண்ணு பார்த்தேன். டாக்டரம்மா உள்ளே வந்தாங்க. அவங்களும் அதே குழாயில், அதே சோப்பில், வளையலைக் கழட்டி வைத்துவிட்டு முழங்கைவரை கழுவினாங்க. ஒரு பிள்ளையைத் தொட்டுவிட்டு அடுத்த பிள்ளையிடம் போகும்முன் மறுபடி கழுவினாங்க. அப்போதுதான் மனசில் ஒரு கணக்குத் தெளிந்தது. தீட்டு என்கிறது சில பேர் கையில் மட்டும் இருக்கிறதாச் சொல்கிறது, கழுவினாலும் போகாது என்கிறது. கிருமி எல்லார் கையிலும் இருக்கிறது, கழுவினால் போகிறது. முன்னது பொய், பின்னது நிஜம். ரெண்டையும் ஒண்ணாப் போட்டுக் குழப்பித்தான் நம்மை வாசலில் நிறுத்துகிறார்கள்.

எங்க ஆயாவை நினைத்துக்கொண்டேன். அப்பாவைப் பெத்தவ. சேரியில் பேறுகாலம் எல்லாம் அவதான் பார்ப்பாள். ஊர்த்தெருவிலும் ராத்திரி நேரத்தில் வலி கண்டு, வேற ஆள் கிடைக்கலைன்னா அவளைக் கூப்பிட ஆள் வரும். தோட்டத்துப் பக்கமாக் கூட்டிப் போவார்கள். அந்தப் பிள்ளைகளை உலகத்தில் முதல்முதலாத் தொட்ட கை எங்க ஆயா கைதான். கொடி அறுத்து, வாயில் இருக்கிற கோழையை விரலால் வழித்து, குப்புறப் போட்டு முதுகைத் தட்டி அழவைத்து, அவ கையால் கொடுத்ததும் வாங்கிக்கொள்வார்கள். உடனே பிள்ளைக்குத் தலையோடு தண்ணி ஊத்துவார்கள். பிள்ளை அழுக்குக்காக இல்லை, ஆயா தொட்டதுக்காக. "பச்ச மண்ணு, வெறவெறன்னு நடுங்கும்டா" என்று ஆயா சொல்லுவாள். பிறந்த பிள்ளையைக் குறைந்தது 24 மணி நேரம் குளிப்பாட்டக்கூடாது, உடம்பு சில்லிட்டுப் போகும் என்று இன்னைக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. எங்க ஆயா கையைக் கழுவிவிடுகிறதா நினைத்து அவங்க பிள்ளையையே நடுங்கவைத்தார்கள்.

அம்பேத்கர் தன் 'வெயிட்டிங் ஃபார் எ விசா'வில் ஒரு சம்பவத்தை எடுத்து வைத்திருக்கிறார். 1929 டிசம்பரில் 'யங் இந்தியா'வில் வந்த ஒரு கடிதம் அது. கத்தியவாரில் ஒரு தீண்டப்படாத பள்ளி ஆசிரியர். அவர் பெண்சாதி பிள்ளை பெத்து ரெண்டு நாளில் நோவில் விழுகிறாள். டாக்டர் சேரிக்குள் வரமாட்டேன் என்கிறார். பெரிய மனுசர்கள் சிபாரிசு பண்ணி, ரெண்டு ரூபாய் கட்டணமும் பேசி, நோயாளியைச் சேரிக்கு வெளியே கொண்டுவந்தால் பார்க்கிறேன் என்று வருகிறார். தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிம் கையில் கொடுக்கிறார். அவர் புருசனிடம் கொடுக்கிறார். புருசன் பெண்சாதிக்கு வைக்கிறார். அதே வழியில் அது திரும்பிப் போகிறது. டாக்டர் விளக்கு வெளிச்சத்தில் பார்த்து, நிமோனியா என்கிறார். அவளைத் தொடவேயில்லை. அவள் செத்துப்போனாள். மருந்து படித்தவன் கைக்கும், காய்ச்சலில் கிடந்த பிள்ளைபெத்தவ நெற்றிக்கும் நடுவில் ரெண்டு ஆள் தூரம். நான் பிள்ளையைத் தொடப் போன அந்த நாள் அந்தத் தெர்மாமீட்டர்தான் நினைவுக்கு வந்தது.

கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனேன். தடவிக் கொடுக்கப் போனேன், எல்லாரும் அப்படித்தான் போவார்கள். சிஸ்டர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினாங்க.

"தடவாதீங்கண்ணே. மாசம் நெறையாத புள்ள, தோலு வெங்காயச் சருகு மாதிரி. லேசாத் தடவுனா அதுக்குத் தாங்காது, பதறும். கைய அப்பிடியே வையுங்க. ஒரு கை தலையில தொப்பி மாதிரி. ஒரு கை ரெண்டு காலையும் மடக்கி, பாதத்தோட சேத்துப் பிடிங்க. வயித்துல இருந்தப்ப எப்பிடி இருந்துச்சோ அப்பிடி. அழுத்தாதீங்க, ஆட்டாதீங்க. சும்மா இருங்க."

வைத்தேன். என் உள்ளங்கையில் அது தலை முழுசும் அடங்கிப்போச்சு. கை பட்டதும் முதலில் விரலெல்லாம் விரித்தது, விக்கல் எடுத்தது. "பயப்படாதீங்க, அதுக்கு யாருன்னு தெரியல. விரலை விரிச்சா, விக்கல் வந்தா, கொட்டாவி விட்டா, நிறம் மாறினா, போதும் விடுன்னு சொல்லுதுன்னு அர்த்தம். கொஞ்சம் பாப்போம்" என்றாங்க. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மானிட்டரில் இருதயத் துடிப்பு 170-க்கு மேல் ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் 160, அப்புறம் 150. விரித்த விரல் மடங்கியது. முகத்துச் சுருக்கம் போனது. பத்து நிமிசம் நின்றிருப்பேன். அந்தப் பத்து நிமிசத்தில் என் தோள்பட்டை இறங்கினது எனக்கே தெரிந்தது. மூணு நாளாக் காதுவரைக்கும் தூக்கிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

பிறகு குதிகாலில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சிஸ்டர் என்னைக் கூப்பிடுவாங்க. நான் தலையையும் காலையும் அணைத்துப் பிடித்துக்கொள்வேன். குத்தும்போது அழும், ஆனால் சீக்கிரம் அடங்கிவிடும். தனியாக் கிடந்தப்ப அந்த அழுகை நிக்கிறதுக்கு எவ்வளவு நேரமாச்சு என்று கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்தவன் நான்.

ஏழாம் நாள் டாக்டரம்மா, "நெஞ்சுல போட்டுக்கிறீங்களா?" என்று கேட்டாங்க. எடை 1,230-க்கு இறங்கியிருந்தது. முதல் வாரத்தில் எல்லாப் பிள்ளைக்கும் கொஞ்சம் இறங்கும் என்றாங்க. மூச்சுக்குழாய் எடுத்தாச்சு. கங்காரு முறை என்றாங்க. அந்த வார்டு பெண்கள் வார்டு. தாய்மார்கள் மாரைத் திறந்து போட்டுப் படுத்திருப்பார்கள், ஆம்பளைக்கு இடமில்லை. பெரிய சிஸ்டர் முடியாது என்றுதான் சொன்னாங்க. டாக்டரம்மா ஒரு மூலையில் துணி மறைப்பை இழுத்துவிட்டு, "தாய்க்கு முடியலன்னா தகப்பன்தான். எழுதிக்குங்க" என்றாங்க.

சட்டையைக் கழட்டினேன். பிள்ளைக்குக் குல்லா, சாக்ஸ், ஒரு சின்ன அணையாடை. வேறெதுவும் இல்லை. ரெண்டு மாருக்கும் நடுவில் நிமிர்த்தி வைத்து, தவளை மாதிரி கையையும் காலையும் மடக்கி, தலையை ஒரு பக்கமாத் திருப்பி, மூச்சு அடைபடாமல் தாடையைக் கொஞ்சம் தூக்கிவிட்டாங்க. என் பெண்சாதியோட பழைய நூல்சேலையைக் கிழித்து அம்மா கொண்டுவந்திருந்தாங்க. அதால் எங்க ரெண்டு பேரையும் சேர்த்துக் கட்டினாங்க. பாதி சாய்ந்த மாதிரி நாற்காலி. ஒரு மணி நேரத்துக்குக் குறையாமல் இருக்கணும், சும்மா சும்மா தூக்கி மாத்தினால்தான் பிள்ளைக்கு அலுப்பு என்றாங்க.

என் நெஞ்சில் ஒரு ஈரமான சூடு. கோழிக்குஞ்சைக் கையில் பிடித்தால் ஒரு துடிப்பு இருக்குமே, அந்த மாதிரி. மூணு மணி நேரம் அசையாமல் இருந்தேன். எனக்கு நினைவு தெரிந்து யாரும் என்னை இத்தனை நேரம் தொட்டுக்கொண்டு இருந்ததில்லை. எங்கப்பா பண்ணையில் ஆளாக இருந்தவர். இருட்டோடு போய் இருட்டோடு வருவார். எங்கம்மா என்னைப் பெத்த பன்னிரண்டாம் நாள் நடவுக்குப் போனாங்க. வரப்பில் நொணா மரத்தில் தூளி கட்டி என்னைப் போட்டுவிட்டு, சேத்தில் நிற்கும்போது மாரு கட்டிப் பால் ஒழுகுமாம். பண்ணைக்காரன் பார்க்கிறான் என்று கரையேற முடியாதாம். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எங்களை அடிக்கணும்னா பிரம்பைத் தூக்கி எறிவார். கை பட்டுவிடக் கூடாதாம். அன்போ அடியோ, எதுவும் தோலோடு தோலா எங்களுக்கு வந்து சேர்ந்ததில்லை.

இந்தக் கங்காரு முறை எங்கே தொடங்கியது என்று டாக்டரம்மா பிறகு ஒருநாள் சொன்னாங்க. நான் பிறந்த அதே 1978-ல், தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டுத் தலைநகர் போகோட்டாவில், தாய்சேய் ஆஸ்பத்திரி ஒன்றில். ஏழைச் சனங்கள் வருகிற ஆஸ்பத்திரி. இன்குபேட்டர் போதலை. ஒரே பெட்டியில் ரெண்டு மூணு பிள்ளையைப் போட்டார்கள். ஒண்ணோட தொற்று இன்னொண்ணுக்கு. பிள்ளையைத் தொடவே விடாததால் தாய்மார்கள் சிலர் விட்டுவிட்டே போனார்கள். எட்கர் ரே என்கிற டாக்டர், பெட்டி இல்லாவிட்டால் என்ன, தாய் இருக்கிறாளே என்று பிள்ளையை அவள் மாரில் கட்டிவிட்டார். அடுத்த வருஷத்திலிருந்து எக்டர் மார்ட்டினெஸ் என்கிற டாக்டரும் சேர்ந்துகொண்டார். தாய் உடம்புச் சூடு பிள்ளையைப் பதமாக வைத்துக்கொள்கிறது. மூச்சு மறந்துபோகிற பிள்ளைக்குத் தாய் நெஞ்சு ஏறி இறங்குகிறது ஒரு நினைவூட்டல். தொடத் தொட ரெண்டு பேர் உடம்பிலும் பதட்டத்துக்கான சுரப்பு குறைகிறது, பிணைப்புக்கான ஆக்சிடோசின் ஊறுகிறது. பால் இறங்குகிறதும் அதால்தான்.

ஒன்பதாம் நாள் பெண்சாதியைச் சக்கர நாற்காலியில் கூட்டிவந்தார்கள். வயிற்றுத் தையலில் சீழ் பிடித்து, காய்ச்சல் விட்டு விட்டு அடித்துக்கொண்டிருந்தது. அதோடும் எங்கம்மா ரெண்டு மணிக்கொரு தரம் கிண்ணியில் பாலைப் பீச்சி என்னிடம் கொடுத்தனுப்புவாங்க. குழாய் வழியா ரெண்டு மில்லி, மூணு மில்லி என்று போகும். பிள்ளை பக்கத்தில் நாற்காலியைத் தள்ளி நிறுத்தினேன். அவள் ரெண்டு கையையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"தொடு" என்றேன்.

"வேணாம். நீயே வச்சிக்க."

"ஏன்?"

"எங்கை பட்டா இதுவும் போயிடும்."

எனக்கு யார் மேல் கோபப்படுவது என்று தெரியலை. ஊர் நம்மை ஒதுக்கினது போதாது என்று நாமே நம்ம பொம்பளைகளை ஒதுக்கி வைத்திருக்கிறோம். தீட்டு என்றான் அவன், ராசியில்லை என்கிறோம் நாம். அத்தை சொன்ன அந்த ஒரு சொல் மூணு வருஷமா அவ கைக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. நான் அன்னைக்கு அத்தையை ஒரு வார்த்தை கேட்கலையே என்று அப்போதுதான் உறைத்தது. பேசாமல் இருந்ததில் நானும் கூட்டு.

அடுத்த ரெண்டு நாள் அவள் வெறுமனே பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தாள். நான் கை வைப்பேன், மானிட்டரில் நம்பர் இறங்கும். "பாரு, எறங்குது பாரு" என்பேன். பன்னிரண்டாம் நாள் அவளாகவே எழுந்துபோய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தாள். நான் என் கையை எடுக்காமல், அதுக்கு மேலே அவ கையை வைக்கச் சொன்னேன். கொஞ்ச நேரம் கழித்து என் கையை மெள்ள அடியிலிருந்து உருவிக்கொண்டேன். பிள்ளை விரலை விரிக்கலை. விக்கல் எடுக்கலை. அவள் நம்பரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். அப்புறம் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு அழுதாள். அன்னைக்குச் சாயங்காலமே சிஸ்டர் பிள்ளையை அவள் மாரில் கட்டிவிட்டாங்க. அதுவரைக்கும் கிண்ணியடியில் நின்ற பால், ரெண்டு நாளில் கிண்ணி நிறைய வந்தது. பதினஞ்சாம் நாள் எடை மறுபடி 1,340. குழாயை எடுத்துவிட்டுப் பாலாடையில் ஊட்டச் சொன்னாங்க. நம்ம வீட்டுப் பாலாடைதான். ஒவ்வொரு தரமும் வென்னீரில் கொதிக்க வைத்துக்கணும், அவ்வளவுதான்.

அந்த வார்டில் அடுத்த கட்டிலில் ஒரு பொண்ணு. சின்ன வயசு, முதல் பிள்ளை. ஊர்த்தெருக்காரப் பொண்ணு என்று பேச்சிலேயே தெரிந்தது. ஒருநாள் கக்கூசுக்குப் போகணும், கூட ஆளில்லை. "அக்கா, செத்த நேரம் வச்சிக்கிறீங்களா" என்று பிள்ளையை என் பெண்சாதியிடம் நீட்டினாள். யார் பிள்ளையையும் வாங்காதவள் வாங்கிக்கொண்டாள். அந்த நேரம் பார்த்து அவ மாமியார்க்காரி வந்தாள். பார்த்தாள். ஒண்ணும் சொல்லலை. கொஞ்ச நேரம் கழித்து, "நீங்க எந்தத் தெரு?" என்று கேட்டாள். மறுநாள் காலையில் அந்தக் கட்டில் சன்னல் பக்கமா மாறியிருந்தது. காத்து வேணுமாம். ஆனால் மத்தியானம் மாமியார் சோத்துக்குப் போனதும் அந்தப் பொண்ணு மறுபடியும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்க கட்டிலுக்கே வந்தாள். "அக்கா, இவன் உங்ககிட்டதான் அழாம இருக்கான்" என்றாள். இதை வைத்துச் சாதி ஒழிந்துபோச்சு என்று நான் எழுதப்போறதில்லை. மாமியார் திரும்பும் முன்னாடி அவள் தன் கட்டிலுக்குப் போய்விடுவாள். நடந்ததைச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

2021-ல் ஒரு பெரிய ஆய்வு வெளிவந்தது. இந்தியா, கானா, மலாவி, நைஜீரியா, தான்சானியா என்று ஐந்து நாடுகளில், ஒரு கிலோவுக்கும் 1.8 கிலோவுக்கும் நடுவில் பிறந்த 3,211 பிள்ளைகள். நம்ம நாட்டில் தில்லி சப்தர்ஜங் ஆஸ்பத்திரியில் நடந்தது. வழக்கமா, பிள்ளை தேறின பிறகுதான் தாய் நெஞ்சில் போடுவார்கள், எனக்கு ஏழாம் நாள் கொடுத்த மாதிரி. இந்த ஆய்வில் பாதிப் பேருக்குப் பிறந்த உடனேயே போட்டார்கள், வைத்தியமும் அங்கேயே வைத்துப் பார்த்தார்கள். ஒரு நாளைக்குச் சுமார் 17 மணி நேரம். 28 நாளுக்குள் செத்த பிள்ளைகள், பழைய முறையில் ஆயிரத்துக்கு 157, புது முறையில் 120. இவ்வளவு வித்தியாசம் தெரிந்த பிறகு மத்தவங்களுக்கு மறுக்கக்கூடாது என்று ஆய்வையே பாதியில் நிறுத்திவிட்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம், குறைமாசப் பிள்ளை, எடை குறைந்த பிள்ளை எல்லாத்துக்கும் பிறந்ததும் கூடிய சீக்கிரம் இதைத் தொடங்கணும், நாளைக்கு 8 மணியிலிருந்து 24 மணி வரைக்கும் செய்யணும் என்று சொல்லிவிட்டது. அதைப் படித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. 2010-ல் சாத்தின அந்தக் கதவுதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அவன் பிழைத்திருப்பான் என்று நான் சொல்லலை. அது யாருக்கும் தெரியாது. ஆனால் அந்த ரெண்டு நாளும் ஒரு கை அவன் தலையில் இருந்திருக்கலாம்.

இதிலும் ஒரு சூது இருக்கிறது, நம்ம சனங்கள் கவனிக்கணும். செலவில்லாத வைத்தியம் என்று இதைச் சொல்கிறார்கள். யாருக்குச் செலவில்லை? ஒரு தாய் நாளெல்லாம் படுத்துக்கொண்டு பிள்ளையை மாரில் போட்டிருக்கணும்னா அவளுக்குக் கட்டில் வேணும், சோறு வேணும், வீட்டில் இருக்கிற மூத்த பிள்ளைகளைப் பார்க்க ஆள் வேணும், போகிற கூலிக்கு ஈடு வேணும். எனக்கு 33 நாள் சம்பளமில்லை. அப்போ முத்துலெட்சுமி ரெட்டி திட்டத்தில் 12,000 ரூபாய், தவணை தவணையாகத்தான். 2018-ல் அதை 18,000 ஆக்கினார்கள். நாற்று நடுகிறவளுக்கும் சூளையில் கல்லறுக்கிறவளுக்கும் அது எத்தனை நாள் தாங்கும்? ஏழைக்கு மிஷின் இல்லை, நெஞ்சை வச்சிக்கோ என்று கைகழுவுகிற வேலையும் கூடாது. மூச்சுக்கு மிஷினும் வேணும், டாக்டரும் வேணும், நெஞ்சும் வேணும். மூணும் நம்ம உரிமை. புதிதாய்ப் பிறந்த பிள்ளையைப் பார்க்கிற வேலையில் தாய் தகப்பனையும் சேர்த்துக்கொள்ளணும் என்று மத்திய அரசே 2017-ல் வழிகாட்டுதல் போட்டிருக்கிறது. ஆகவே வாசலில் ஓரமா நில்லு என்றால் ஓரமா நிற்காதீர்கள். எங்கே கை கழுவுறது என்று கேளுங்கள்.

33-ஆம் நாள் 1,740 கிராமோடு வீட்டுக்கு வந்தோம். வாசலில் அத்தை ஆரத்தித் தட்டோடு நின்றாள். என் பெண்சாதி பிள்ளையை நெஞ்சில் கட்டியபடியே அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்து உள்ளே இருந்து குரல் வந்தது. "அத்தே, பாக்கணும்னா கையக் கழுவிட்டு வாங்க. மொழங்கை வரைக்கும்."

மகளுக்கு இப்போ பன்னிரண்டு வயசு தாண்டிவிட்டது. காய்ச்சல் வந்தால் இன்னமும் என் நெஞ்சு மேல்தான் தலையை வைப்பாள். "மை நாத்தம் அடிக்குதுப்பா" என்பாள், எழுந்திருக்க மாட்டாள். எங்க தெருவில் யாருக்காவது மாசம் நிறையாமல் பிள்ளை பிறந்தால் என் பெண்சாதிக்குத்தான் ஆள் வருகிறது. போவாள். முதலில் கையைக் கழுவுவாள். அப்புறம் அந்தத் தாய் கையை எடுத்துப் பிள்ளை தலையில் வைத்து, "தடவாத. சும்மா வையி" என்பாள்.